அவளுடைய தாகத்துக்கு நான் சொன்ன பதில்

கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், இரண்டும் சேருகிற இடத்தில் இழை இழையாகக் கோத்துக்கொண்டே போக வேண்டும். நெய்கிறவர் உடலுக்கும் ஒரு பக்கக் கரைக்கும் நாடா, அதாவது குறுக்கிழை ஓட்டுகிற கட்டை, போடுவார். மறு பக்கக் கரைக்கு இன்னொருவர் அவருடைய வலது கைப் பக்கம் உட்கார்ந்து நாடா போட்டுக் கொடுப்பார். அதைக் கோர்வைக்கு உட்காருவது என்பார்கள். ஒருவர் எழுந்தால் மற்றவர் கை நின்றுவிடும். எங்கள் வீட்டில் கோர்வைக்கு உட்கார்ந்தது என் மனைவி. கல்யாணமான வருஷத்திலிருந்து போன சித்திரை வரைக்கும் அவள்தான். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

நான் பள்ளிக்கூட ஆசிரியனாக இருந்தவன். மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுத்தேன். பிள்ளையார்பாளையத்தில் தறிக் குடும்பத்தில் பிறந்து படித்து வேலைக்குப் போனவன் என்பதால், பள்ளிக்குக் கிளம்பும் முன்பும் விடுமுறை நாட்களிலும் தறியில் இறங்குவேன். ஓய்வு பெற்றபின் நாள் முழுவதும் அதுதான். தெருவில் எனக்கு வாத்தியார் என்றே பெயர். தறியிலும் நான் வாத்தியாராகத்தான் இருந்தேன். நேரம் தவறக் கூடாது, வீண்பேச்சு கூடாது, நடுவில் எழக் கூடாது.

நடுவில் எழக் கூடாது என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்படி எழுதுவது எனக்குச் சாதகமாகத் தோன்றலாம், அதற்காக எழுதவில்லை. எங்கள் வீடு நீளமானது. தறி முன்கூடத்தில், கழிப்பறை கொல்லைக் கோடியில். போய் வந்து கைகால் கழுவி, ஈரம் காய்ந்த பிறகுதான் மறுபடி பட்டில் கை வைக்கலாம். ஈரக்கை பட்டால் ஜரிகை கறுத்துவிடும் என்பது எங்கள் வீட்டுப் பயம். அவள் எழும்போதெல்லாம் நான் உச்சுக் கொட்டுவேன். அவ்வளவுதான் செய்தேன். சில மாதங்களில் அவள் எழுவதை நிறுத்திவிட்டாள். எழாமல் இருக்க என்ன வழி என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். விடிந்ததும் ஒரு காப்பி, அதன் பிறகு நான் பள்ளிக்குக் கிளம்பும் வரைக்கும், முழுநாள் தறி ஓடினால் பகல் சாப்பாடு வரைக்கும், ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டாள். சாப்பிட்ட பிறகு பொழுது சாயும் வரைக்கும் அதே கதை.

அவள் தம்பி, அதாவது என் மைத்துனன், சாயப்பட்டறை வைத்திருக்கிறான். வாய் கொஞ்சம் நீளம். நூல் கொண்டுவந்து போடும்போது ஒருமுறை வாசலில் நின்றபடி சொன்னான்: "எங்க அக்கா வீட்ல தறி ஓடல மாமா, பள்ளிக்கூடம் ஓடுது. பெல்லு அடிச்சாதான் ஒண்ணுக்கு வுடுவீங்களா?" நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவள்தான் அதிகம் சிரித்தாள்.

பதினோராம் வகுப்பில் கழிவுநீக்கம் என்று ஒரு பாடம் உண்டு. சிறுநீரகத்தைக் கரும்பலகையில் வண்ணச் சாக்கட்டியால் நான் வரைந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் வந்து பார்ப்பார்கள். உடம்பில் நீர் குறைந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோனை விடுகிறது; அது ரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்திடம் தண்ணீரை வெளியே விடாதே, பிடித்து வை என்று சொல்கிறது. இதை வருஷந்தோறும் சொன்னேன். மாணவர்களுக்குப் புரியவில்லை என்றால், வெயிலில் நடந்துவிட்டு வந்தால் சிறுநீர் ஏன் மஞ்சளாகப் போகிறது என்று கேட்டு அதிலிருந்து ஆரம்பிப்பேன். நல்ல ஆசிரியன் என்று பெயர் வாங்கியவன் நான். இந்தப் பாடத்துக்கும் காலையில் என் வலப்பக்கத்தில் உலர்ந்த உதட்டோடு உட்கார்ந்திருந்தவளுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றியிருந்தும் தள்ளிவிட்டேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இல்லை, தோன்றவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

பின்னால் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து எழுகிற எல்லாருக்கும் வருவதுதான். எங்கள் தெருவில் அதற்கு டாக்டரிடம் போகிறவர்கள் குறைவு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் வலி மாத்திரை கொடுப்பார்கள். நான்தான் வாங்கி வருவேன். முதலில் வலி அதிகமான நாளில் மட்டும் போட்டுக்கொண்டாள். பிறகு தறிக்கு உட்காரும் முன் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். அந்த மாத்திரை தண்ணீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது தெரியாத ஆளும் இல்லை நான். பழகிவிட்டால் எதுவும் விஷமாகத் தெரிவதில்லை.

போன சித்திரையில் ஒரு முகூர்த்தப் புடவை தறியில் இருந்தது. முந்தி, அதாவது முந்தானை, ஆரம்பித்துவிட்டால் தறியிலிருந்து அறுக்கிற வரைக்கும் நிறுத்துவதில்லை என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். முந்தியின் முதல் ஜரிகைக் கோடு விழுந்த அன்று அவளுக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்றும் சொன்னாள். வெயில்தான், மோர் குடி என்றேன். புடவை முடியட்டும், டாக்டரிடம் போகலாம் என்றும் சொன்னேன். மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் அவளுடைய நாடா தப்பித் தப்பி விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புடவையை அறுத்து மடித்தபோது அவள் தறிப்பலகையிலேயே சரிந்து கிடந்தாள். உடம்பு கொதித்தது, பேச்சு குழறியது.

அந்தப் புடவை கடைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். சிறுநீர்ப் பாதையில் வந்த தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது, ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது என்றார்கள். அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் ஒரு இளம் பெண். முகத்தில் களைப்பு இருந்தது, பேச்சில் இல்லை. மைத்துனனும் நானும் நின்றிருந்தோம். அவர் எங்களை ஓரமாக அழைத்துக் கேள்விகள் கேட்டார். காய்ச்சல் எப்போதிலிருந்து? வலி மாத்திரை, நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறார்களா? தண்ணீர் நன்றாகக் குடிப்பார்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவரே ஒரு விளக்கமும் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க சார். எனக்கு ஊரு தென்னேரி. எங்கம்மா நாத்து நடப் போனா தண்ணியே தொட மாட்டாங்க, ஒதுங்க எடம் இருக்காதுன்னு. அதனால எல்லாரையும் கேக்குறேன்."

இதைவிட எளிதாக யாரும் கதவைத் திறந்து வைக்க முடியாது. நான் சொன்னேன்: "நேத்து ராத்திரிதாம்மா காய்ச்சல். மாத்திரை எதுவும் எடுக்கறதில்ல. தண்ணியெல்லாம் நல்லா குடிப்பா. நான் விலங்கியல் வாத்தியார், அதெல்லாம் பார்த்துக்குவேன்."

மைத்துனன் பக்கத்தில் இருந்தான் என்பது ஒரு காரணம். அந்தப் பெண் என்னை சார் என்று கூப்பிட்டது இன்னொரு காரணம். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம்கூட அந்த நேரத்தில் வரவில்லை. ஒரு நல்ல வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னேன்.

பிறகு அவர் ஒரு அனுமதி கேட்டார். தீவிர சிகிச்சைக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. வழக்கமாகப் பார்க்கிற கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு, சிறுநீரகம் கெட்டுக் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் ஏறும். அதற்குள் காலம் போய்விடும். அதனால் ரத்தத்தில் சில ஹார்மோன்களின் அளவை வந்தவுடனேயே பார்த்தால், யாருக்குப் பாதிப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா என்று ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. கூடுதலாகக் கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும். இதை வைத்து மட்டும் சிகிச்சையை முடிவு செய்ய மாட்டோம், இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை என்றார்.

எந்த ஹார்மோன் என்று கேட்டேன். உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஹார்மோன் ஒன்று இருக்கிறது என்று அவர் எளிமையாக ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. வாசோபிரஸ்ஸின் என்றேன். பிட்யூட்டரியின் பின்மடல் என்றேன். சிறுநீரக நுண்குழலில் அது எங்கே போய் வேலை செய்கிறது என்பதுவரை சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். அந்த ஹார்மோன் ரத்தத்தில் நிலைக்காது, அதோடு சேர்ந்து வெளிவரும் கோபெப்டின் என்ற துண்டுதான் நிலைத்திருக்கும், அதை அளந்தால் இதை அளந்ததுபோல் என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அது எனக்குப் புதிது. மனைவி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிடக்க, நான் ஒரு புதிய விஷயம் கற்றுக்கொண்ட திருப்தியோடு கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மாலை அந்த டாக்டர் என் மனைவியின் கட்டிலுக்கே வந்தார். கட்டிலின் ஒரு பக்கம் அவர், மறு பக்கம் நான். அவள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், கண் மூடியிருந்தது. கிரியாட்டினின் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கோபெப்டின் மிகவும் அதிகம் என்றார். ஒரு நாள் காய்ச்சலுக்கு இவ்வளவு இருக்குமா என்று அவருக்குச் சந்தேகம். வயிற்றில் எங்காவது சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்க வேண்டும். படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அடிபட்ட சிறுநீரகத்துக்கு அது பாரமாகலாம். சிறுநீரகம் அப்படி முன்பே அடிபட்டிருந்தால் அந்த மருந்து இல்லாமல் வேறு வழியில் பார்த்துவிட்டு, ஒரு நாள் தண்ணீர் ஏற்றிக் காத்திருக்கலாம் என்றார்.

"இன்னொரு தடவை யோசிச்சு சொல்லுங்க சார். ரொம்ப நாளா தண்ணி கம்மியா குடிச்சாங்களா? வலி மாத்திரை?"

முதல் நாள் சொன்ன பொய்யைக் குழப்பத்தில் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவை எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் சொன்ன அளவு என்ன சொல்கிறது என்று அந்த அறையில் இருந்தவர்களில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அவளுடைய தாகம் முழுவதும் அதில் இருந்தது. நான் அதோடு வாதம் செய்தேன்.

"அது தாகத்துக்கு மட்டும் ஏறுற ஹார்மோன் இல்லம்மா. தொற்று, வலி, பயம், ரத்த அழுத்தம் குறையறது, எல்லாத்துக்கும் ஏறும். அதை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது."

அவ்வளவும் பாடப்படி சரி. அவரும் தலையசைத்தார். ஆமாம் சார், அப்படியும் இருக்கலாம் என்றார். வயதில் மூத்தவன், படித்தவன், கட்டின மனைவியைப் பற்றிச் சொல்கிறான். நம்பாமல் என்ன செய்வார்? மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். சீழ் எங்கும் இல்லை.

அடுத்த நாள் அவளுக்குச் சிறுநீர் வருவது குறைந்தது. அதற்கும் அடுத்த நாள் ஏறக்குறைய நின்றேவிட்டது. கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போனது. டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்று சொல்ல அந்த டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். மைத்துனன் பொறுக்கவில்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருந்த மனுஷி, காய்ச்சலென்று படுத்தவளுக்குக் கிட்னி எப்படிப் போகும், ஏதோ மருந்து ஏற்றினீர்களே அதனால்தானே என்று குரல் உயர்த்தினான். தெருக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்தான். அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, தொற்று கடுமையாக இருந்தால் இப்படி ஆகும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். விஷயம் தெரிந்தவர், எடுத்துச் சொல்லுவார் என்று நம்பிப் பார்த்த பார்வை அது.

நான் மைத்துனனின் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டேன். டாக்டரிடம் சொன்னேன். மாத்திரை சாப்பிடுவாள், வருஷக்கணக்காக, நான்தான் வாங்கித் தருவேன். தறிக்கு உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்க மாட்டாள், என்னால்தான். காய்ச்சல் வந்தும் புடவை அறுக்கிற வரைக்கும் உட்கார வைத்தேன். எல்லாம் தெரிந்தே மறைத்தேன்.

டாக்டர் மாத்திரையின் பெயர் என்ன, நாளைக்கு எத்தனை என்று கேட்டார். சொன்னேன். "நேத்தைக்கு முந்தின நாளே சொல்லியிருக்கலாமே சார்," என்றார். அதிலும் சார் இருந்தது. உள்ளே போகுமுன் திரும்பி, ஆராய்ச்சிக் குறிப்பில் மாத்திரை இல்லை என்று எழுதியிருக்கிறேன், அதைத் திருத்திவிடுகிறேன் என்றார். அந்த ஹார்மோன் சரியாகத்தான் சொல்லியிருந்தது. நான்தான் அதன் பேச்சைக் கெடுத்தேன். அந்தக் குறிப்பு திருந்தாமலே போயிருந்தால், காரணமில்லாமல் ஏறிய ஒரு கணக்காக அது நின்றிருக்கும். அதை நம்பி நாளைக்கு வேறு யாரோ வேறு யாரையோ தவறாகப் பார்த்திருப்பார்கள்.

மைத்துனன் போனைத் திருப்பிக் கேட்டான். கொடுத்தேன். "நான் வெளையாட்டுக்குச் சொன்னேன் மாமா, பெல்லு பெல்லுன்னு. நெஜமாவே அடிச்சினு இருந்தீங்க," என்றான். சத்தமில்லாமல்தான் சொன்னான். அன்று முதல் அக்காவைப் பார்க்க வருகிறான், என்னோடு பேசுவதில்லை.

அவள் பிழைத்தாள். பல வாரங்களுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தாள். சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். பின்னால் ஒருமுறை அந்த டாக்டரைத் தனியாகப் பார்த்து, நான் சொல்லியிருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். தெரியாது சார் என்றார். தொற்றே போதும் இதைச் செய்ய, மாத்திரையே போதும், ஸ்கேன் மருந்தால் ஆனதென்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்திருந்தால் அதை ஏற்றியிருக்க மாட்டேன், அது மட்டும் நிச்சயம் என்றார். ஆறுதல் சொல்ல அவர் முயலவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன்.

மனைவியிடம் சொல்வதற்கு எனக்கு இன்னும் நாளானது. ஒரு மத்தியானம், அவள் கட்டிலில் சாய்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஆரம்பித்தேன். முதல் நாள் சொன்னது, வராந்தாவில் ஒப்புக்கொண்டது எல்லாம் சொன்னேன். நடுவில் உள்ளதை, கட்டிலருகே சொன்ன இரண்டாவது பொய்யை, சொல்ல வாய் வராமல் நிறுத்தினேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அந்த டாக்டரம்மா என் கட்டிலுகிட்ட வந்து கேட்டுச்சே, அப்ப நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன். வாயில அத்த மாட்டி வெச்சிருந்தாங்க, பேச முடியல. மாத்திரை சாப்புட்டேன்னு சொல்லத்தான் கையத் தூக்கினேன். நீங்க புடிச்சி மெத்தையில அழுத்திட்டீங்க."

எனக்கு அது ஞாபகம் இருந்தது. அவள் கை எழும்பியது; நான் அதைப் பிடித்துக் கீழே வைத்து, பேசாமல் படு என்றேன். மனைவியைத் தேற்றுகிற கணவனாகத்தான் அந்த டாக்டர் கண்ணுக்குத் தெரிந்திருப்பேன்.

"நான் எதுக்குக் கையத் தூக்கினேன்னு தெரிஞ்சிதான் புடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை, வலியில் தூக்குகிறாய் என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆம் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் எது உண்மை என்று அன்றும் தெரியவில்லை, இதை எழுதும்போதும் தெரியவில்லை.

"தெரியல," என்றேன்.

"தெரியலன்னு வாத்தியார் வாயிலேருந்து இப்பதான் கேக்குறேன்," என்றாள். மறுபடி கீரையை ஆய்ந்தாள். மன்னித்துவிடு என்று நான் சொன்னதற்கு, அது இருக்கட்டும் என்றாள். ஆய்ந்து முடித்துக் காம்புகளை ஒதுக்கிய பிறகு ஒன்று சொன்னாள்: "இனிமே டாக்டருங்க எது கேட்டாலும் நானே சொல்லிக்கிறேன். நீங்க உள்ள வர வேணாம்."

அப்படியே நடக்கிறது. டயாலிசிஸ் நாட்களில் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகிறேன். சிறுநீரக டாக்டர் கூப்பிடும்போது அவள் மட்டும் எழுந்து போகிறாள். நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். சில நாட்களில் நெடுநேரம் ஆகிறது. கதவுக்குப் பின்னால் அவள் பேசுவது கேட்கும், வார்த்தை பிடிபடாது. எங்கள் வீட்டில் அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. போன வாரம் அவள் வெளியே வந்தபோது என்ன கேட்டார்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து எடுத்துக் காலடியில் வைத்தேன். மாட்டிக்கொண்டு, ஆட்டோ வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன்.